மூன்றாவது ஒன்ஸ்மோர்

ஓல்டர்பிரிட்ஜ்,
10 ஜனவரி 1956

அக்கா,

நானாக எழுதவில்லை. சங்கத்து வேலையாக எழுதுகிறேன். அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு தம்பி இறங்கி வந்துவிட்டான் என்று நீ ஸ்கார்பரோ கடற்கரை முழுக்கப் பறைசாற்றிக்கொண்டு திரிய வேண்டாம்.

இந்த வருஷம் நம் ஆப்பரா சங்கம் ‘தூங்கும் மந்திரி’ போடுகிறது. மந்திரி யார் என்று கேட்கவே வேண்டாம். மந்திரியின் மனைவியாக நோரா. வீட்டில் வாங்கும் வசவையே இனி மேடையில் தாளத்தோடு வாங்கப் போகிறேன். இளவரசன், நம் மாப்பிள்ளை காலின். கதாநாயகி யார் தெரியுமா? நம் ஷீலா. ஆறு வருஷம் கோரஸில் மூன்றாவது வரிசையில் நின்ற பெண்ணுக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது. ஆக, நான், பெண்டாட்டி, பெண், மாப்பிள்ளை என்று குடும்பமே மேடையில் நிற்கிறோம். குறைகிறவள் யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

உன் இடத்தில் இப்போது வாத்தியக் குழுவை நடத்தக் கோல் பிடிப்பவர் சேப்பலில் ஆர்கன் வாசிக்கும் திரு. ப்ராட். அவருக்கு நீ குறிப்பெழுதி வைத்திருந்த ‘மந்திரி’ இசைப் புத்தகம் வேண்டுமாம். எங்கே வைத்தாய்? சொன்னால் போதும்.

எழுத உட்கார்ந்தாயிற்று, இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். போன வருஷ நாடகத்தின் கடைசி நாள், சனிக்கிழமை, அரங்கம் நிரம்பி வழிந்தது. சுங்க அதிகாரி வேஷத்தில் என் வேகப்பாட்டு. முதல் ஒன்ஸ்மோர் கேட்டார்கள், பாடினேன். இரண்டாவது கேட்டார்கள், சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே பாடினேன். மூன்றாவது ஒன்ஸ்மோருக்குக் கூரை பறந்தது அக்கா! முப்பது வருஷத்தில் இந்த ஊரில் எவனுக்கும் மூன்று கிடைத்ததில்லை. அதற்கென்றே புதுச் சரணம் எழுதி வைத்து, வாயைத் திறந்து நிற்கிறேன். நீ என்ன செய்தாய்? பக்கத்தைப் புரட்டி, கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டாய். கோரஸ் கூட்டம் ஆடிக்கொண்டே உள்ளே வந்துவிட்டது. நோரா என் முதுகோடு ஒட்டி நின்று, தன் சால்வையை எடுத்து என் இடுப்பில் கட்டினாள். நான் மயங்கி விழப் போகிறேன் என்று நினைத்தாளாம். என் மானம் அங்கேயே கப்பலேறியது.

ஏன் அப்படிச் செய்தாய்? இதற்கு மட்டும் நீ இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஹெர்பர்ட்


ஸ்கார்பரோ,
13 ஜனவரி 1956

ஹெர்பர்ட்,

புத்தகம் பியானோ முக்காலியின் மூடிக்கு அடியில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருக்கும். நீ அதன் மேலேயே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நடுவிலே பாட்டை மாற்றியதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன். நீயும் கேட்காதே.

நான் ஊரைவிட்டு வந்தது அதனால் இல்லை. அன்று ஒப்பனை அறையில், கோரஸ் மொத்தமும் நிற்கும்போது நீ சொன்ன வார்த்தைக்காக வந்தேன். நீ மறந்திருப்பாய். சொன்னவனுக்கு மறந்துபோகும். “இந்த சங்கத்துலயே சத்தம் வராத ஒரே ஆளு நீதான். கைதட்டலைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?” என்றாய். அக்காவை ‘அடி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சண்டைக்காரிபோல் பதிலுக்குப் பதில் பேச எனக்குத் தெரியவில்லை, பெட்டியைக் கட்டினேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. திருமதி டிம்மக் நல்ல வீட்டுக்காரி. கருவாட்டுப் பொரியல் மட்டும் தினமும் காலையில் போடுகிறாள். பியானோவுக்கு ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், அதில் ஒன்றுக்குக்கூடக் காது கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் கத்துகின்றன. அவற்றுக்காவது சுருதி சேர்கிறது.

ஷீலாவுக்குக் கதாநாயகி வேஷம் கிடைத்தது என்று படித்து, எழுந்து நின்றுவிட்டேன். அவளிடம் சொல்: கடைசிப் பாட்டின் உச்ச ஸ்வரத்துக்கு மூச்சை அங்கே போய் வாங்கக் கூடாது. பாட்டு தொடங்கும் முன்பே, உள்ளே நிற்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தோள் உயரக் கூடாது.

மேபல்


ஓல்டர்பிரிட்ஜ்,
7 பிப்ரவரி 1956

அக்கா,

புத்தகம் கிடைத்தது. முக்காலியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ப்ராட் நல்ல மனுஷர். எறும்புக்குக்கூட வழிவிடுவார். ஆனால் அவர் கோலெடுத்தால் கல்யாணப் பாட்டும் கல்லறைக்குப் போகிறது. என் வேகப்பாட்டை அவர் நடத்தும் வேகத்தில், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். தூங்கும் மந்திரி போன செவ்வாய்க்கிழமை நிஜமாகவே தூங்கிவிட்டேன். எல்லோரும் அதை நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள், அதனால் நான் திருத்தவில்லை.

அது போகட்டும். ஷீலாதான் என் கவலை. நீ சொன்னதைச் சொன்னேன். மூச்சை வாங்கி வைக்கிறாள், ப்ராட் வந்து சேர்வதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. அந்த உச்ச ஸ்வரத்தில் மூன்று ஒத்திகையாகக் குரல் உடைகிறது. வெள்ளிக்கிழமை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு மேடையிலேயே அழுதாள். “அத்தை எதிர்ல நின்னு பார்த்தா எனக்கு வரும்பா. இவர் தலையே தூக்க மாட்டேங்கிறார்” என்கிறாள். வேஷத்தை பிரெண்டாவிடம் கொடுத்துவிடப் போகிறாளாம். பிரெண்டா ஷட்டில்வர்த்! அவள் பாடினால் பக்கத்து மில் சங்கு என்று நினைத்து ஆட்கள் வேலைக்குக் கிளம்புவார்கள்.

நோரா என்னோடு பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணமாம். சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் புரிகிறது.

சரி, நான் பெரிய மனசு பண்ணுகிறேன். நீ பொறாமையில்தான் அப்படிச் செய்தாய் என்று ஒரு வரி எழுதி, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போடு. நானே சங்கத்தில் பேசி உன்னைத் திரும்ப அழைக்கச் சொல்கிறேன். உன் மாடி அறை அப்படியே இருக்கிறது. நோரா வாரா வாரம் பெருக்குகிறாள், என்னைத்தான் உள்ளே விடுவதில்லை.

ஹெர்பர்ட்


ஸ்கார்பரோ,
10 பிப்ரவரி 1956

ஹெர்பர்ட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கொட்டும் மழையில் துறைமுகம் வரைக்கும் நடந்தேன். இரண்டு பதில்கள் மனதில் எழுதினேன். இரண்டாவதைத்தான் அனுப்புகிறேன்.

நீ கேட்டது இதோ. ஆமாம், பொறாமை என்றே வைத்துக்கொள். உனக்கு மூன்றாவது ஒன்ஸ்மோர் கிடைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் கடைசிப் பாட்டை ஆரம்பித்தேன். என்னை மன்னித்துவிடு. மேபல் அக்ராய்ட்.

போதுமா? கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கிறது, அதை உன் பெரிய மனசு இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஷீலாவுக்காக எழுதினேன். வீட்டில் சண்டை ஓய்ந்தால் அவள் குரல் தானே சரியாகும். அந்த வேஷத்தை அவள் விடக் கூடாது. கோரஸில் அவள் எத்தனை வருஷம் முன் வரிசைப் பெண்ணின் தலைக்குப் பின்னாலிருந்து பாடினாள் என்று எனக்குத்தான் தெரியும். நீ எப்போதும் விளக்குக்கு முன்னால் நின்றவன்.

உள்ளூரிலேயே ஒரு வழி இருக்கிறது. ப்ராட் தலை தூக்கவில்லை என்றால், அந்த இடத்தில் காலினை அவள் எதிரில் நிறுத்து. மனைவி மூச்சு வாங்குவதைப் பார்த்து அவன் தலையசைக்கட்டும். காதல் காட்சியில்கூட மாமனாருக்குப் பயந்து உன் முகத்தையே பார்க்கும் அந்தப் பையனுக்கும் ஒரு வேலை ஆகும்.

மேபல்


ஓல்டர்பிரிட்ஜ்,
15 பிப்ரவரி 1956

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்தேன். எனக்கே என் மேல் சிரிப்பு வருகிறது.

உன் மன்னிப்பு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அடக்கமாக மடித்துப் பையில் வைத்தேன் என்று நினைக்கிறாயா? உன் தம்பியை உனக்குத் தெரியாதா? செவ்வாய் ஒத்திகையில், எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் டீயுமாக உட்கார்ந்திருந்தபோது, நாற்காலி மேல் ஏறி நின்று அதைச் சத்தமாக வாசித்தேன். மந்திரி குரலில் வாசித்தேன். கடைசியில் உன் பெயர் வந்ததும் குனிந்து வணக்கம் வேறு வைத்தேன்.

ஒருத்தரும் கை தட்டவில்லை. கோரஸ் ஆண்கள் எல்லாம் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். பிரெண்டா வாயில் சாண்ட்விச்சோடு அப்படியே நின்றாள். ஷீலா அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மனசு திருந்தி எழுதியிருக்கிறாள், இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்டேன். நோரா டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரு மாதமாக என்னோடு பேசாதவள் பேசினாள்.

“ஹெர்பர்ட், கீழ இறங்குங்க. அன்னிக்கு மூணாவது தடவை ஜனங்க கத்துனது உங்க பாட்டுக்கு இல்ல. உங்க கால்சட்டைக்கு.”

நான் இறங்கவில்லை. இறங்க மறந்துவிட்டேன். நாற்காலி மேலேயே நின்று முழுக் கதையையும் கேட்டேன். இரண்டாவது ஒன்ஸ்மோரில் நான் சுழன்றபோது, வாடகைக்கு வந்த அந்த வெள்ளைப் பட்டுக் கால்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை கிழிந்துவிட்டதாம். உள்ளே நான் போட்டிருந்தது சிவப்புக் கம்பளி உள்ளாடை. மார்ச் மாதக் குளிரில் வேறு என்ன போடுவேன்? கம்பளியின் தயவில் எனக்குக் காற்றுகூட உறைக்கவில்லை. ஜனங்கள் இன்னொரு சுற்று சுற்றச் சொல்லித்தான் கூரை பறக்கக் கத்தியிருக்கிறார்கள். நீ கடைசிப் பாட்டைத் தொடங்கியது கோரஸ் வந்து என்னை மறைக்கத்தான். நோரா முதுகோடு ஒட்டி நின்றதும் சால்வை கட்டியதும் அதற்குத்தான். பிறகு ஒப்பனை அறையில் நான் உன் மேல் பாய்ந்துகொண்டிருந்தபோதே, “கழட்டிக் குடுங்க, உடுப்புக் கூடை கிளம்புது” என்று நோரா அதை உருவிக்கொண்டு போனாள். நான் கோபத்தில் காலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே உன்னைத் திட்டினேன்.

முழுப் பூசணிக்காயை ஊரே சேர்ந்து சோற்றில் மறைத்திருக்கிறது அக்கா. கறிக்கடைக்காரர் வருஷம் முழுக்க என்னைப் பார்த்ததும் தனிச் சிரிப்பாகச் சிரித்து, “சிவப்பா ஒரு துண்டு எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்பார். நல்ல மனுஷர், கலையை மதிக்கிறார் என்று நினைத்தேன். காலினிடம், நீயாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். “மேபல் அத்தை எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க மாமா” என்றான். நான் உன்னைக் கோரஸ் முன்னால் அவமானப்படுத்திய பிறகு, நீ அதே கோரஸிடம் எனக்காகச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். இரயிலேறும் முன்பு ஒவ்வொரு வீடாகப் போயிருக்கிறாய்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, வெளியே போய், சேப்பல் சுவரோரம் நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

அக்கா, நான் சொன்ன வார்த்தை கேவலமான வார்த்தை. ‘அடி’ போட்டதும் தப்பு. அந்த வாய்க்கு ஒன்ஸ்மோர் ஒரு கேடா! என்னை மன்னித்துவிடு. இதை நீ எந்த நாற்காலியில் ஏறி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்.

இன்னொரு செய்தி. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ப்ராட், கோலை உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். “வேற ஆள் இல்லைன்னு சொன்னதாலதான் நின்னேன். எனக்குச் சின்ன வயசுலேருந்தே அந்தப் பெரிய முரசு மேலதான் கண்ணு” என்றார். அப்போதே போய் முரசடியில் உட்கார்ந்துவிட்டார். கிழவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட நான் பார்த்ததில்லை. சங்கத்துக்காரர்களும் சரி என்றுவிட்டார்கள்.

வருகிறாயா?

உன் தம்பி,
ஹெர்பி


ஸ்கார்பரோ,
18 பிப்ரவரி 1956

ஹெர்பி,

நோராவிடம் சொல், அவள் சத்தியத்தை மீறிவிட்டாள், நன்றி.

வருகிறேன். ஒத்திகை நாட்களுக்கும் நாடக வாரத்துக்கும் மட்டும். இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது, வாடகையும் பேசியாகிவிட்டது. ஆகவே மாடி அறையில் ஜன்னல் திரை மாற்றுகிறேன், அலமாரி வாங்குகிறேன் என்றெல்லாம் ஆரம்பிக்காதே.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்க வெட்கப்படுகிறாய் போலிருக்கிறது. நானே சொல்கிறேன். நீ சுழன்று முடித்து முன்பக்கம் திரும்பினாய். கூட்டம் கத்தியது. அப்போது உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். அம்மா போன பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிழிந்த கால்சட்டையை வைக்க எனக்குக் கை வரவில்லை. உன் ஏச்சைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுக்கத் தாங்க முடியவில்லை, அதுதான் வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மன்னிப்புக் கடிதம் முழுப் பொய் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகக் கோல் பிடிக்கிறேன். கைதட்டல் எல்லாம் என் முதுகில்தான் விழும். அது உங்கள் முகங்களில் தெரிவதைப் பார்த்துத்தான் வந்ததென்று தெரிந்துகொள்வேன். அதனால் நீ சொன்னது அவ்வளவு வலித்தது. பாதி நிஜமாக இருக்கிறதே என்று வலித்தது.

செவ்வாய் மதிய ரயிலில் வருகிறேன். வேகப்பாட்டை இரு மடங்கு வேகத்தில் நடத்துவேன், இப்போதே நாக்குக்கு எண்ணெய் போடு. இரண்டு ஒன்ஸ்மோருக்கு மட்டும் சரணம் எழுது. கால்சட்டைக்கு நோரா இரட்டைத் தையல் போடாமல் நீ மேடையேறினால் கோலைத் தூக்கவே மாட்டேன்.

ஷீலாவை அதுவரை அந்தப் பாட்டைப் பாட விடாதே. குரல் ஓய்வெடுக்கட்டும்.

மேபல்


ஓல்டர்பிரிட்ஜ்,
27 மார்ச் 1956

அன்புள்ள அக்கா,

நீ போன மறுநாளே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ப்ராட் மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டுக்கு முரசு வைத்தால் என்ன என்று போதகரிடம் கேட்டாராம்.

சனிக்கிழமை இரவு விருந்தில் நீ என்னை ஒன்று கேட்டாய். “மூணாவது ஒன்ஸ்மோர் கேட்டாங்களேடா, நானும் கோலைத் தூக்கிட்டுத்தானே நின்னேன். ஏன் வேண்டாம்னு தலையாட்டின?” என்றாய். என் வாய் நிறையப் பன்றிக்கறிப் பணியாரம். சரணம் தீர்ந்துபோச்சு என்று சிரித்து மழுப்பிவிட்டேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

சரணம் தீரவில்லை. நீ இரண்டு என்றாய், நான் மூன்று எழுதி வைத்திருந்தேன். என்னைத் திருத்த முடியுமா? கால்சட்டையையும் பின்னால் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டேன், நோராவின் தையல் கோட்டைச் சுவர்போல் நின்றது. ஆகவே அந்தக் கூச்சல் பாட்டுக்குத்தான். சத்தியமாகப் பாட்டுக்குத்தான் அக்கா! உன்னைப் பார்த்தேன். நீ கோலை உயர்த்தி, “பாடு” என்று கண்ணைக் காட்டினாய். வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது எதற்கோ பக்கத் திரைப் பக்கம் பார்வை போனது. ஷீலா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அடுத்தது அவள் பாட்டு. இரண்டு கையும் தொங்கவிட்டு, தோள் உயராமல், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை வாங்கி நிறைத்து வைத்திருந்தாள். நான் இன்னொரு சரணம் பாடினால் அந்த மூச்சு போய்விடும். அவள் மறுபடி தொடக்கத்திலிருந்து வாங்க வேண்டும், பயம் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். தலையாட்டிவிட்டேன். நீ ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பக்கத்தைப் புரட்டினாய்.

அவள் அந்த உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியபோது, தூங்க வேண்டிய மந்திரி நான் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நோரா காலால் உதைத்தாள். அப்போதும் மூடவில்லை.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை அக்கா. இதைச் சங்கத்து வேலையாக எழுதவில்லை.

ஹெர்பி


ஸ்கார்பரோ,
29 மார்ச் 1956

ஹெர்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருஷமாக நீ மேடையில் நின்று எத்தனையோ பக்கம் பார்த்திருக்கிறாய். மேல் வரிசையைப் பார்ப்பாய், முதல் வரிசையைப் பார்ப்பாய், என்னைக்கூட அவசரத்துக்குப் பார்ப்பாய். உள்ளே யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. நீ தலையாட்டியதும் ஏதோ மறந்துவிட்டாய் என்றே நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். உன்னைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன், தம்பி.

பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசியாகிவிட்டது. ஈஸ்டரோடு பாடத்தை நிறுத்துகிறேன். ஒன்பது வீட்டிலும் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. அறையைக் காலி செய்கிறேன் என்று திருமதி டிம்மக்கிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். பிறகு, கடைசி வாரம் முழுக்கக் காலையில் இரட்டைக் கருவாடு என்று அறிவித்தாள்.

ஜன்னல் திரை பச்சையாக இருக்கட்டும். பெட்டிகள் நிறைய இருக்கின்றன, காலினையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. பிளாட்பாரத்தில் பாடாதே.

அக்கா